கம்பெனியை வாங்கினா கல்நார் கடனும் கூடவே வரும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஹாலிபர்ட்டன்ங்கிற அமெரிக்க கம்பெனி பத்தி ஒரு சின்ன துணுக்கு போட்டிருந்தோம். ஆஸ்பெஸ்டாஸ், அதாவது கல்நார் தூசு பட்ட தொழிலாளிங்களுக்கு கிட்டத்தட்ட 400 கோடி டாலர் தர்றதா ஒத்துக்கிட்டு, தன்னோட கட்டுமான கம்பெனியான கெல்லாக் ப்ரவுன் அண்ட் ரூட்டை, அதான் கே.பி.ஆர்.னு சொல்றாங்களே அதை, அந்த ஒரு காரணத்துக்காகவே திவால் கோர்ட்டுக்கு அனுப்பின விஷயம். நாலு வரிதான் எழுதினோம், ஆனா கடிதம் வந்துக்கிட்டே இருக்கு. பாதி பேர் விவரம் கேட்டு எழுதியிருக்காங்க, மீதி பேர் அவங்க வீட்லயே இருமிக்கிட்டு இருக்குற ஒருத்தரை நினைச்சு எழுதியிருக்காங்க. அதனால இந்த வாரம் முழுக்க இந்த ஒரே விஷயம்தான். பேர் எதுவும் போடல, ஊர் மட்டும் போட்டிருக்கேன்.

ஹாலிபர்ட்டன் எண்ணெய் கிணறு வேலை பாக்குற கம்பெனிதானே, அவங்களுக்கும் ஆஸ்பெஸ்டாஸுக்கும் என்ன சம்பந்தம்? எல்லாம் டிக் செனி பண்ண வேலைன்னு நண்பர் ஒருத்தர் சொல்றாரு, நிஜமா? (வாசகர், சேலம்)

எண்ணெய் கிணறு வேலை அவங்க தொழில்ல ஒரு பாதிதான். 1962-லயே டெக்ஸஸ்ல இருந்த ப்ரவுன் அண்ட் ரூட்டுங்கிற பெரிய கட்டுமான கம்பெனியை ஹாலிபர்ட்டன் வாங்கிடுச்சு. ரிஃபைனரி, கெமிக்கல் ஆலைன்னு ராட்சச வேலை எடுத்து செய்யுற கம்பெனி அது. அந்த காலத்துல நீராவி ஓடுற பைப்பு, பாய்லர், உலை எதுவா இருந்தாலும் சூடு வெளிய போகாம இருக்க கல்நாரைத்தான் சுத்துவாங்க, அதை வெட்டும்போதும் பழசை உரிச்சு எடுக்கும்போதும் பறக்குற தூசு அங்க வேலை செய்யுற எல்லார் மேலயும் படும், வெல்டர்னு பாக்காது ஃபிட்டர்னு பாக்காது. அப்படி அவங்க கட்டின, பராமரிச்ச ஆலைங்கள்ல வேலை பார்த்தவங்க போட்ட கேஸ் ஒரு பக்கம்.

ஆனா பெரிய அடி விழுந்தது அந்த பக்கத்துல இருந்து இல்ல. 1998-ல ட்ரெஸ்ஸர் இண்டஸ்ட்ரீஸை ஹாலிபர்ட்டன் 770 கோடி டாலருக்கு வாங்குச்சு. அப்ப ஹாலிபர்ட்டனோட தலைவர் டிக் செனி, பின்னாடி அமெரிக்க துணை ஜனாதிபதி ஆனவர். ட்ரெஸ்ஸர் கைல கெல்லாக்ங்கிற கட்டுமான கம்பெனி இருந்துச்சு, அதையும் ப்ரவுன் அண்ட் ரூட்டையும் சேர்த்ததுதான் கே.பி.ஆர். இது வரைக்கும் எல்லாருக்கும் தெரிஞ்ச வியாபாரம். இப்ப கொஞ்சம் பின்னாடி போகணும். இதே ட்ரெஸ்ஸர் 1967-ல ஹார்பிசன்-வாக்கர்னு பிட்ஸ்பர்க் கம்பெனி ஒண்ணை வாங்கியிருந்துச்சு. உலைக்குள்ள அடுக்குற சூடு தாங்குற செங்கல், அதுக்கு பூசுற கலவை இதெல்லாம் செய்யுறவங்க, அதுல சிலதுல கல்நார் கலந்திருந்தாங்க. 1992-ல ட்ரெஸ்ஸர் அந்த பிரிவை தனியா கழட்டி விட்டுடுச்சு. கழட்டும்போது ஒரு ஒப்பந்தம், இதுவரைக்கும் வந்த கேஸ் எங்களோடது, இனிமே வர்றது உங்களோடதுன்னு. கேக்க சரியாத்தான் இருக்கு. ஆனா நோயாளிக்கும் அந்த ஒப்பந்தத்துக்கும் சம்பந்தமே கிடையாது, அவர் கையெழுத்து போடல இல்லையா, அவர் யார் மேல வேணா கேஸ் போடலாம். அதனால ஹார்பிசனால தாங்க முடியாம போற அன்னிக்கு எல்லாம் ட்ரெஸ்ஸர் தலைக்கே திரும்பி வரும்.

அப்படியேதான் நடந்துச்சு. 2001 நடுவுல ஹார்பிசன் உதவி கேட்டு வந்து நின்னுச்சு, 2002 பிப்ரவரில திவால் மனு போட்டுடுச்சு. அதுக்கு நடுவுல மிஸிஸிப்பி, டெக்ஸஸ், பால்டிமோர்னு ஜூரிங்க வரிசையா பெரிய பெரிய தொகை தீர்ப்பு குடுக்க, 2001 டிசம்பர் 7-ம் தேதி ஒரே நாள்ல ஹாலிபர்ட்டன் பங்கு 40 சதவீதத்துக்கு மேல விழுந்துச்சு.

செனி பண்ண வேலையான்னா, தூசை பறக்க விட்டது அவர் இல்ல, அது அவருக்கு முப்பது நாப்பது வருஷம் முன்னாடி நடந்தது. ஆனா 1998-ல அமெரிக்காவுல ஆஸ்பெஸ்டாஸ் கேஸ்னா என்னன்னு தெரியாத நிர்வாகி ஒருத்தர் கூட இருந்திருக்க முடியாது, கல்நார் வியாபாரத்துல உச்சத்துல இருந்த ஜான்ஸ்-மேன்வில் 1982-லயே திவால் கோர்ட்டுக்கு போயாச்சு. ட்ரெஸ்ஸரோட பழைய கணக்கை வாங்குறதுக்கு முன்னாடி நல்லா தோண்டி பாத்திருக்கணும். நான் இதை சரியா பாக்காம விட்ட நிர்வாகம்னுதான் சொல்லுவேன்.

இந்த மாதிரி கேஸை முதல்ல ஜெயிச்ச தொழிலாளி யாரு? (கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

கிளாரன்ஸ் பொரெல். சட்டம் படிக்கிறதா இருந்தா இந்த பேரை மறக்காதீங்கம்மா. டெக்ஸஸ்ல இன்சுலேஷன் வேலை பார்த்தவர், 1936-ல ஆரம்பிச்சு 1969 வரைக்கும் அதே வேலை. அவர் குடுத்த வாக்குமூலத்தை 1973-ல வந்த அப்பீல் கோர்ட் தீர்ப்புலயே எடுத்து போட்டிருக்காங்க. சாயங்காலம் ஆனா மூக்குல இருந்து தூசை கை கையா சிந்தி எடுப்பேன், தண்ணி விட்டு பாப்பேன், தொண்டைக்குள்ள போகாம இருக்கட்டும்னு மூக்குக்குள்ள மென்தோலேட்டம் தைலம் கூட தடவி பார்த்தேன், ஆனா முழுசா தடுக்க முடியாது, துணியெல்லாம் எப்பவும் தூசாவே இருக்கும், ஏர் ஹோஸ் வெச்சு ஊதினாதான் போகும்னு சொல்றாரு. அது ஒரு தொந்தரவுன்னு தெரியும், இவ்ளோ பெரிய ஆபத்துன்னு அவருக்கு யாரும் சொல்லல. 1964-ல எக்ஸ்ரே பார்த்த டாக்டர் நுரையீரல் மங்கலா தெரியுது, அந்த தூசு பக்கம் முடிஞ்சவரை போகாதீங்கன்னாரு. வேலையே அதுதானே, எப்படி போகாம இருக்குறது. 1969-ல ஆஸ்பெஸ்டோசிஸ்னு, அதாவது கல்நார் தூசால நுரையீரல் தழும்பாகுற நோய்னு உறுதியாச்சு, 1970-ல ஒரு பக்க நுரையீரலையே எடுத்தாங்க, அப்பதான் நுரையீரலை சுத்தியிருக்குற சவ்வுல வர்ற மீசோதிலியோமா புற்றுநோயும் இருக்குறது தெரிஞ்சுது. கேஸ் விசாரணைக்கு வர்றதுக்குள்ள இறந்துட்டாரு. ஜூரி குடுத்தது 79 ஆயிரத்து சொச்சம் டாலர், அதை அவர் மனைவிதான் வாங்குனாங்க.

தொகை சின்னதுதான், ஆனா அந்த தீர்ப்பு சொன்ன விஷயம் பெருசு. பொருளை செஞ்சு விக்கிறவனுக்கு அதுல என்ன ஆபத்து இருக்குன்னு ஒரு நிபுணர் அளவுக்கு தெரிஞ்சிருக்கணும், தெரிஞ்சதை அதை கையால தொட்டு வேலை செய்யுறவனுக்கு சொல்லியே ஆகணும், முதலாளிகிட்ட வித்துட்டேன் என் வேலை முடிஞ்சுதுன்னு போக முடியாது. அதுக்கு அப்புறம்தான் கேஸ் மேல கேஸா வர ஆரம்பிச்சுது. கம்பெனிங்களோட பழைய கடிதங்களும் ஒண்ணொண்ணா வெளிய வந்துச்சு. 1935-லயே ரேபெஸ்டாஸ்-மன்ஹாட்டன் தலைவர் சம்னர் சிம்ப்ஸன் ஜான்ஸ்-மேன்வில் வக்கீலுக்கு எழுதுறாரு, ஆஸ்பெஸ்டாஸ் பத்தி எவ்ளோ கம்மியா பேசுறோமோ அவ்ளோ நமக்கு நல்லதுன்னு. பொரெல் வேலைக்கு சேர்றதுக்கு முந்தின வருஷம் எழுதின கடிதம் அது. அதை படிச்சப்ப எனக்கு வந்த கோவம் இன்னும் அடங்கல.

ஹாலிபர்ட்டன் கைல காசு இருக்கு, லாபமும் வருது. அப்புறம் எப்படி திவால்? இது ஏமாத்து வேலை இல்லையா? (வங்கி ஊழியர், கோயம்புத்தூர்)

நியாயமான கேள்வி சார். முதல்ல ஒண்ணு, ஹாலிபர்ட்டன் தாய் கம்பெனி திவால் ஆகல. 2003 டிசம்பர்ல பிட்ஸ்பர்க் கோர்ட்ல மனு போட்டது டி.ஐ.ஐ. இண்டஸ்ட்ரீஸ், அதாவது பேர் மாறின பழைய ட்ரெஸ்ஸர், கூடவே கே.பி.ஆர்., இன்னும் சில துணை கம்பெனிங்க. கடையை மூடுறதுக்கு போடுற மனு இல்ல அது. கோர்ட்டுக்கு போறதுக்கு முந்தியே நோயாளிங்க தரப்பு வக்கீலுங்களோட உக்காந்து பேசி, 2002 டிசம்பர்லயே தொகையை முடிவு பண்ணிட்டாங்க. 277 கோடி டாலருக்கு மேல ரொக்கம், 5 கோடியே 95 லட்சம் ஹாலிபர்ட்டன் பங்கு.

அப்ப கோர்ட் எதுக்குன்னா, இன்னும் நோய் வராதவங்களுக்காக. இந்த நோய் தூசு பட்டு இருபது வருஷம், நாப்பது வருஷம் கழிச்சு கூட வரும். இன்னிக்கு கேஸ் போட்ட அத்தனை பேருக்கும் காசு குடுத்து முடிச்சாலும் நாளைக்கு இன்னொருத்தர் வருவார், அவருக்கு அடுத்து இன்னொருத்தர். அமெரிக்க திவால் சட்டத்துல 1994-ல ஒரு புது பிரிவு சேர்த்தாங்க, 524(ஜி)ன்னு. கம்பெனி ஒரு டிரஸ்ட் ஆரம்பிச்சு பணத்தையும் பங்கையும் அதுல போட்டுடணும், இனிமே யாருக்கு நோய் வந்தாலும் டிரஸ்ட்கிட்டதான் கேக்கணும், கம்பெனியை தொட முடியாது. ஆனா அதுக்கு ஓட்டு போடுற நோயாளிங்கள்ல 75 சதவீதம் பேர் சம்மதிக்கணும், இனிமேல் நோய் வரப்போறவங்க சார்பா பேசுறதுக்குன்னே தனியா ஒருத்தரை கோர்ட் நியமிக்கணும். ஹாலிபர்ட்டன் திட்டம் 2005 ஜனவரி ஆரம்பத்துல அமலுக்கு வந்துச்சு. இன்ஷூரன்ஸ் கம்பெனிங்ககிட்ட இருந்து 100 கோடி டாலருக்கு மேல அவங்களுக்கு திரும்ப வந்துச்சு, 2007-ல கே.பி.ஆரை தனி கம்பெனியா பிரிச்சு விட்டுட்டாங்க.

ஏமாத்தா இல்லையான்னா, இந்த கேஸை நான் ஏமாத்துன்னு சொல்ல மாட்டேன். தாய் கம்பெனி தன் கைக்காசையும் பங்கையும் போட்டுச்சு, எதிர்காலத்துக்கும் ஒரு நாற்காலி போட்டாங்க. ஏமாத்துன்னு நான் நினைக்கிறது அதுக்கு அப்புறம் வந்த முறை. டெக்ஸஸ் சட்டத்தை வெச்சு ஒரு நல்ல கம்பெனியை ரெண்டா பிளந்து, சொத்தையெல்லாம் ஒண்ணுலயும் ஆஸ்பெஸ்டாஸ் கேஸையெல்லாம் இன்னொண்ணுலயும் தள்ளிட்டு, கேஸ் இருக்குற பாதியை மட்டும் திவால் கோர்ட்டுக்கு அனுப்புறது. ஜார்ஜியா-பசிபிக் 2017-ல பெஸ்ட்வால்னு ஒரு கம்பெனியை அப்படித்தான் உருவாக்குச்சு. மனு போட்டு வருஷக்கணக்கா இழுத்துச்சு, மீசோதிலியோமா வந்தவருக்கு பெரும்பாலும் ஒரு வருஷம் ஒன்றரை வருஷம்தான் ஆயுசு, அவருக்கு இந்த இழுவையே ஒரு தண்டனை.

டிரஸ்ட்ல முழு பணமும் கிடைக்குமா? (வாசகர், புதுச்சேரி)

கிடைக்காது. ஒவ்வொரு நோய்க்கும் ஒரு மதிப்பு போட்டு வெச்சிருப்பாங்க, மீசோதிலியோமாவுக்கு அதிகம், லேசான தழும்புக்கு கம்மி. அந்த மதிப்புல எத்தனை சதவீதம் குடுக்கலாம்னு டிரஸ்ட் அப்பப்ப கணக்கு போட்டு மாத்தும், ஏன்னா கடைசியா வர்றவருக்கும் ஏதாவது மிஞ்சணும். ஜான்ஸ்-மேன்வில் டிரஸ்ட் 1988-ல ஆரம்பிச்சப்ப முழுசா குடுத்துச்சு, சீக்கிரமே கஜானா காலியாகுற நிலைமை. 1995-ல 10 சதவீதம்னு ஆச்சு, 2001-ல 5 சதவீதம். நூறு ரூபா நஷ்டம்னு அவங்களே ஒத்துக்கிட்டு அஞ்சு ரூபா குடுக்குறது. ஆனா ஒரு தொழிலாளி பல சைட்ல பல கம்பெனி சரக்கை கையாண்டிருப்பார், அதனால நாலஞ்சு டிரஸ்ட்ல மனு போட்டு சேர்த்து வாங்குவாங்க. அமெரிக்க அரசு தணிக்கை அலுவலகம் 2011-ல எடுத்த கணக்குப்படி அந்த மாதிரி டிரஸ்ட் 60 இருந்துச்சு, 1988-ல இருந்து 33 லட்சம் மனுவுக்கு 1,750 கோடி டாலர் குடுத்திருந்தாங்க.

வக்கீல் செலவு இன்னொரு ஓட்டை. ரேண்ட்ங்கிற அமெரிக்க ஆராய்ச்சி நிறுவனம் 2005-ல போட்ட அறிக்கைல 2002 வரைக்கும் இந்த கேஸுங்களுக்கு 7,000 கோடி டாலர் செலவாகியிருக்கு, அதுல நோயாளி கைக்கு போனது டாலருக்கு 42 சென்ட்தான்னு சொல்லியிருக்காங்க. மீதி ரெண்டு பக்க வக்கீலுங்களுக்கும் மத்த செலவுக்கும்.

இதுல பொய் கேஸ் நிறைய இருந்துச்சுன்னு படிச்சேன். நீங்க அதை பத்தி பேசவே மாட்டேங்கிறீங்களே? (வாசகர், சென்னை)

பேசுறேன். இருந்துச்சு. எக்ஸ்ரே வண்டியை கொண்டுபோய் ஆலை வாசல்ல, யூனியன் ஆபீஸ் வாசல்ல நிறுத்தி, வரிசையா படம் புடிச்சு, லேசா ஒரு கோடு தெரிஞ்சாலும் கேஸ்னு அனுப்பின ஆளுங்க இருந்தாங்க. 2005-ல டெக்ஸஸ் ஃபெடரல் நீதிபதி ஜேனிஸ் கிரஹாம் ஜாக் பத்தாயிரம் சிலிகா கேஸை, அதாவது மணல் தூசால வர்ற நுரையீரல் நோய் கேஸை விசாரிச்சப்ப, அதுல பாதிக்கு மேல ஆளுங்க ஏற்கனவே ஆஸ்பெஸ்டாஸ் கேஸும் போட்டவங்கன்னு தெரிய வந்துச்சு, அந்த ரெண்டு நோயும் ஒரே ஆளுக்கு சேர்ந்து வர்றது ரொம்ப அபூர்வம். இந்த நோய் சான்றிதழெல்லாம் பணத்துக்காக தயாரிச்சதுன்னு அந்த நீதிபதி வெளிப்படையாவே எழுதினாங்க.

ஆனா இதுல நஷ்டப்பட்டது யாருன்னு பாருங்க. கம்பெனிக்கு நஷ்டம்தான், ஆனா டிரஸ்ட் பொட்டில இருக்குற காசு அளவானது, மூச்சு நல்லா விடுறவர் வாங்குற ஒவ்வொரு டாலரும் ஆக்சிஜன் சிலிண்டரோட படுத்திருக்குறவர் பங்குல இருந்துதான் போகுது. அதனாலதான் பின்னாடி பல மாநிலங்கள்ல மூச்சு திறன் குறைஞ்சதுக்கு மருத்துவ ஆதாரம் இருந்தாதான் கேஸ்னு சட்டம் கொண்டு வந்தாங்க. அது நல்ல சட்டம்னுதான் நான் நினைக்கிறேன். அதை காட்டி எல்லாமே பொய்னு பேசுறவங்க மவுண்ட் சினாய் ஆஸ்பத்திரி டாக்டர் இர்விங் செலிகாஃப் 1964-லயே இன்சுலேஷன் தொழிலாளிங்களுக்கு கல்நாரால புற்றுநோய் வர்றதை காட்டி வெளியிட்ட ஆய்வை ஒரு தடவை படிக்கணும்.

கட்டுமான கம்பெனியோட சொந்த ஆளுங்களும் கேஸ் போடலாமா? (வாசகர், தஞ்சாவூர்)

அமெரிக்காவுல பொதுவா முடியாது. சொந்த முதலாளி மேல தொழிலாளர் இழப்பீட்டு இன்ஷூரன்ஸ்ல கேக்கலாம், கோர்ட்ல கேஸ் போட முடியாது. அதனாலதான் எல்லாரும் சரக்கு செஞ்சவன் மேலயும், சைட்டுக்கு பொறுப்பா இருந்த வேற கம்பெனி மேலயும் போட்டாங்க. ஆனா தாய் கம்பெனி மேல போட்டு ஜெயிச்ச கேஸும் வேற நாட்டுல உண்டு. இங்கிலாந்துல கேப்னு ஒரு இன்சுலேஷன் கம்பெனி, அவங்க துணை கம்பெனில 1959-ல இருந்து 1962 வரைக்கும் வேலை பார்த்த ஒருத்தருக்கு பல வருஷம் கழிச்சு ஆஸ்பெஸ்டோசிஸ் வந்துச்சு, அப்ப அந்த துணை கம்பெனியே உயிரோட இல்ல. 2012-ல அங்க அப்பீல் கோர்ட், தூசு விஷயம் தாய் கம்பெனிக்கு நல்லா தெரியும், ஆரோக்கிய விஷயத்தை மேல இருந்து பாத்துக்கிட்டதும் அவங்கதான், அதனால அவங்களே குடுக்கணும்னு சொல்லிடுச்சு.

எனக்கு 61 வயசு. 85-ல இருந்து 99 வரைக்கும் ஒரு கான்ட்ராக்டர்கிட்ட பாய்லர் லாக்கிங் வேலை, அதான் சூடு போகாம பாய்லர்ல கல்நார் சுத்துற வேலை. ஷட்டௌன் டைம்ல, அதாவது ஆலையை நிறுத்தி ரிப்பேர் பாக்குற சமயத்துல, ஊர் ஊரா போவோம், ஆஸ்பெஸ்டாஸ் கயிறு, துணி எல்லாம் வெறும் கையாலதான் கிழிப்போம், மூஞ்சில துண்டு கட்டிக்குவோம். இப்ப மாடி ஏற முடியல. டாக்டர் நுரையீரல்ல தழும்புன்னு சொல்றாரு. அந்த கான்ட்ராக்டர் இறந்துட்டார். அமெரிக்கா டிரஸ்ட்ல எனக்கு ஏதாவது கிடைக்குமா? (வாசகர், விழுப்புரம்)

அய்யா, உங்க கடிதத்தை மூணு தடவை படிச்சேன். அமெரிக்க டிரஸ்ட்ல அந்த குறிப்பிட்ட கம்பெனியோட சரக்கோ சைட்டோ உங்களுக்கு பட்டதுன்னு காட்டணும், நீங்க எழுதினதை வெச்சு பாத்தா அதுக்கு வழி தெரியல. அதுல உங்க நேரத்தையும் தெம்பையும் வீணாக்காதீங்க, நம்ம நாட்டுலயே உங்களுக்கு வழி இருக்கு.

ஆஸ்பெஸ்டோசிஸ் தொழில் நோய்னு இங்க 1923-ம் வருஷத்து இழப்பீட்டு சட்டத்தோட அட்டவணைலயும் இருந்துச்சு, இ.எஸ்.ஐ. சட்டத்துலயும் இருந்துச்சு. கான்ட்ராக்டர் இறந்துட்டார்னு விட்டுடாதீங்க. அந்த 1923 சட்டத்தோட 12-ம் பிரிவு, ஆலை தன் தொழிலோட சேர்ந்த வேலையை கான்ட்ராக்ட்ல குடுத்திருந்தா ஆலை முதலாளியே இழப்பீடு குடுக்கணும், அப்புறம் அவர் கான்ட்ராக்டர்கிட்ட வசூல் பண்ணிக்கட்டும்னு சொல்லுச்சு. நீங்க பல ஆலைல வேலை செஞ்சதா எழுதியிருக்கீங்க, அதுக்கும் வழி இருக்கு, இந்த மாதிரி நோய்க்கு பல முதலாளிங்க இருந்தா யார் எவ்ளோ குடுக்கணும்னு கமிஷனர் பிரிச்சு குடுக்கலாம். சிக்கல் காலக்கெடுலதான். கேக்க ரெண்டு வருஷம்னு அந்த சட்டம் வெச்சுது, வேலையை விட்டு ரெண்டு வருஷத்துக்குள்ள அறிகுறி தெரிஞ்சா ஒரு சலுகையும் வெச்சுது. முப்பது வருஷம் கழிச்சு எட்டிப் பாக்குற நோய்க்கு ரெண்டு வருஷ கணக்கு எப்படி பொருந்தும்? அமெரிக்காவுல நோய் தெரிஞ்ச நாள்ல இருந்துதான் கடிகாரம் ஓடும், இங்கயும் அதை சட்டத்துலயே எழுதி வெச்சிருக்கணும். ஆனா தகுந்த காரணம் காட்டினா தாமதத்தை மன்னிச்சு ஏத்துக்குற அதிகாரம் கமிஷனருக்கு உண்டு, டாக்டர் இப்பதான் சொன்னாருங்கிறதை விட தகுந்த காரணம் என்ன இருக்கு. அந்த ரெண்டு பழைய சட்டத்தையும் 2020-ல போட்ட சமூக பாதுகாப்பு சட்டத்தொகுப்புக்குள்ள சேர்த்து, 2025 நவம்பர்ல அதை அமலுக்கும் கொண்டு வந்துட்டாங்க, அதனால உங்க கேஸுக்கு எந்த விதி பொருந்தும்னு தொழிலாளர் வழக்கு நடத்துற வக்கீல் ஒருத்தரை நேர்ல பாருங்க, தள்ளிப் போடாதீங்க.

அதுக்கு முன்னாடி ரெண்டு வேலை. ஒண்ணு நோயை உறுதி பண்றது. வெறும் எக்ஸ்ரே பத்தாது, ஹெச்.ஆர்.சி.டி. ஸ்கேன், மூச்சு ஊதி பாக்குற டெஸ்ட் ரெண்டும் எடுங்க. டாக்டர்கிட்ட கல்நார்ல எத்தனை வருஷம் வேலை பார்த்தேன்னு நீங்களே சொல்லுங்க, அவர் கேக்க மாட்டார், நம்ம ஊர்ல தழும்புன்னாலே முதல்ல டி.பி.யான்னுதான் பாப்பாங்க. அவர் சீட்டுல நீங்க பார்த்த வேலையை எழுதச் சொல்லுங்க, அந்த ஒரு வரி இல்லாம பின்னாடி எதுவும் நகராது. இ.எஸ்.ஐ. இருந்திருந்தா சென்னை கே.கே. நகர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரில தொழில் நோய் மையம் இருக்கு. பீடி சிகரெட் பழக்கம் இருந்தா இன்னிக்கே நிறுத்திடுங்கய்யா, கல்நாரும் புகையும் சேர்ந்தா நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பல மடங்காகும், கூட்டல் கணக்கு இல்ல அது.

ரெண்டாவது, எங்க வேலை பார்த்தீங்கன்னு காட்டுறது. அமெரிக்காவுல ஜெயிச்சவங்க எல்லாரும் இதுலதான் ஜெயிச்சாங்க, எந்த ஆலை, எந்த வருஷம், எந்த சரக்கு. பி.எஃப். நம்பர் இருந்தா அதுல ஒவ்வொரு மாசமும் யார் பணம் கட்டினாங்கன்னு வரும். பழைய கேட் பாஸ், இ.எஸ்.ஐ. அட்டை, ஷட்டௌன் முடிஞ்சு எல்லாரும் சேர்ந்து நின்னு எடுத்த போட்டோ, எதையும் தூக்கி போடாதீங்க. கூட வேலை பார்த்தவங்க உயிரோட இருக்குறப்பவே அவங்ககிட்ட எழுதி வாங்குங்க. ஆலைகிட்டயும் எழுத்துல கேளுங்க, உங்களுக்கு கேக்குற உரிமை இருக்கு. 1995 ஜனவரில உச்ச நீதிமன்றம் இதே ஆஸ்பெஸ்டாஸ் விஷயத்துல, அகமதாபாத்ல இருக்குற ஒரு நுகர்வோர் அமைப்பு போட்ட பொதுநல வழக்குல, தொழிலாளியோட ஆரோக்கியம் உயிர் வாழுற உரிமையோட சேர்ந்ததுன்னு சொல்லுச்சு, கல்நார் ஆலைங்க ஒவ்வொரு தொழிலாளியோட மருத்துவ பதிவையும் வேலைக்கு சேர்ந்ததுல இருந்து 40 வருஷம், இல்லன்னா வேலையை விட்டதுல இருந்து 15 வருஷம், இதுல எது கடைசில வருதோ அதுவரைக்கும் வெச்சிருக்கணும்னு உத்தரவு போட்டுச்சு. நோய் உறுதியானவங்களுக்கு 1 லட்சம் ரூபா குடுக்கவும் சொல்லுச்சு. அந்த கேஸ் கல்நார் சுரங்கம், கல்நார் ஆலை ஆளுங்களை வெச்சு வந்தது, பாய்லர் வேலை ஆளுங்களை பத்தி நேரடியா பேசல, இருந்தாலும் உங்க வக்கீல் அதை கண்டிப்பா எடுத்து வெக்கணும்.

எனக்கு இதுல ஆதங்கம் என்னன்னா, அங்க லட்சக்கணக்கான பேர் கேஸ் போட்டாங்க, இங்க அதே வேலையை அதே தூசுல பார்த்தவங்க பேர் மஸ்டர் ரோல்ங்கிற வருகை பதிவேட்டுல கூட ஒழுங்கா இல்ல. சுரங்கம் தோண்ட புது அனுமதி கிடையாதுன்னு ஒரு காலத்துல வெச்சுட்டு வெளிநாட்டுல இருந்து வெள்ளை கல்நாரை இறக்குமதி பண்ணி ஷீட் போட்டுக்கிட்டே இருக்கோம். அதை அறுக்குற, உடைக்கிற பசங்க இன்னும் மூஞ்சில துண்டுதான் கட்டிக்கிறாங்க. துணி இந்த நாரை தடுக்காது.

என் வீட்டுக்காரர் கல்நார் வேலை பார்த்தார், நல்லா இருக்கார். நான்தான் இருபது வருஷமா அவர் துணி துவைச்சேன். எனக்கு எதுவும் வருமா? கேக்கவே கூச்சமா இருக்கு. (வாசகி, ராணிப்பேட்டை)

கூச்சப்படாதீங்கம்மா, ரொம்ப சரியான கேள்வி இது. 1965-லயே லண்டன்ல மீசோதிலியோமா நோயாளிங்களை ஆராய்ஞ்சு பார்த்தாங்க, அதுல 9 பேர் ஆஸ்பெஸ்டாஸ் ஆலை வாசலையே மிதிக்காதவங்க, வீட்டுல ஒருத்தர் அங்க வேலை பார்த்தாரு, அவ்ளோதான், அதுல பெரும்பாலும் புருஷனோட வேலை துணியை உதறி துவைச்ச பெண்கள். அமெரிக்க கோர்ட்டுங்க இதுல ஒத்துப் போகல. நியூஜெர்சி 2006-ல, கலிஃபோர்னியா 2016-ல, வீட்டு ஆளுக்கும் கம்பெனி பொறுப்புதான்னு சொல்லுச்சு. ஜார்ஜியா 2005-ல இல்லைன்னுடுச்சு. நியூஜெர்சி சொன்னதுதான் நியாயம், வேலை இடத்துல துணி மாத்த ஒரு ரூம், குளிக்க தண்ணி, அங்கயே துவைக்க ஏற்பாடு, இது எதையும் பண்ணாதது கம்பெனிதானே.

துணி துவைச்சவங்க எல்லாருக்கும் வராது, சின்ன சதவீதம் பேருக்குத்தான் வரும், பயந்து தூக்கத்தை கெடுத்துக்காதீங்க. ஆனா விடாத இருமல், ஒரு பக்க நெஞ்சு வலி, மூச்சு வாங்கல், நெஞ்சுல நீர்னு எது வந்தாலும் நுரையீரல் டாக்டர்கிட்ட போயி முதல் வார்த்தையே துணி துவைச்ச விஷயத்தை சொல்லுங்க. உங்க வீட்டுக்காரரையும் கையோட கூட்டிட்டு போங்க, அவருக்கும் ஒரு மூச்சு டெஸ்ட் எடுத்து அந்த சீட்டை பத்திரமா வெச்சுக்கோங்க.